ஒரு கரண்டி மாவும் 600 மில்லிமீட்டரும்

அல்சூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பணி ஓய்வுக்குப் பிறகு பறவை பார்க்கத் தொடங்கியவர். வார நாட்களில் லால்பாக், ஞாயிறென்றால் ஹெப்பாள் ஏரி. கையில் 70-200 லென்ஸ், எஃப் 2.8. மகன் வாங்கிக் கொடுத்தது. ஏரி நடுவே உட்கார்ந்திருக்கும் கூழைக்கடா படத்தில் சுண்டைக்காய் அளவுக்கு மேல் வரவில்லை என்று கேமரா கடைக்குப் போயிருக்கிறார். கடைப்பையன் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டியிருக்கிறான். 200 மி.மீ. லென்ஸுக்கு 2 மடங்கு கன்வெர்ட்டர் போட்டால் 400. அதைச் சின்ன சென்சார் பாடியில் மாட்டினால் இன்னொரு ஒன்றரை மடங்கு. ஆக 600. "இதே அறுநூறை லென்ஸா வாங்கப் போனா கார் விலை சார்." வாசகர் எனக்கு எழுதியது ஒரே வரி: "இது நிஜமா, சீட்டுக் கம்பெனிக் கணக்கா?"

பாதி நிஜம். பையன் பெருக்கல் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினான். முதல் பெருக்கல் கண்ணாடிக்குள் உண்மையாகவே நடக்கிறது. இரண்டாவது விலைப்பட்டியலில் மட்டும் நடக்கிறது.

முதலாவது எனக்கு ரொம்பப் பிடித்த சமாச்சாரம், அதில் கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன். லென்ஸிலிருந்து சென்சாருக்குப் போகும் வெளிச்சத்தை ஒரு கூம்பாக நினைத்துக்கொள்ளுங்கள். அகன்ற வாய் லென்ஸ் பக்கம், கூர்முனை சென்சார் பக்கம். 200 மி.மீ., எஃப் 2.8 என்றால் வாயின் விட்டம் 200-ஐ 2.8-ஆல் வகுத்தது, ஏறக்குறைய 71 மி.மீ. கூம்பு குண்டா ஒல்லியா என்று சொல்வதைத் தவிர எஃப் எண்ணுக்கு வேறு வேலை கிடையாது. இப்போது கூர்முனைக்குச் சரியாக 50 மி.மீ. முன்னால் ஒரு குழிலென்ஸைக் கொண்டுவந்து வையுங்கள். இதோ சேரப் போகிறோம் என்று நெருங்கி வந்த கதிர்களை அது சற்றே விலக்கிவிடுகிறது. விலக்கினாலும் சேராமல் போவதில்லை. 50 மி.மீ.யில் சேர வேண்டியவை 100 மி.மீ. போய்ச் சேர்கின்றன. கூம்பின் கடைசித் துண்டு ஒல்லியாகிவிட்டது.

சென்சாருக்கு முன்கதை தெரியாது. தன்மேல் விழும் கதிர்களின் சாய்வை வைத்துத்தான் அது எதையும் அறியும். அந்த ஒல்லிக் கதிர்களைப் பின்னோக்கி நேராக நீட்டினால், 71 மி.மீ. அகலத்தை அவை எட்டுவது 400 மி.மீ. தள்ளி. ஆக, தன் முன்னால் ஒரு 400 மி.மீ. லென்ஸ் இருப்பதாகவே சென்சார் நம்புகிறது. எஃப் எண் 5.6. நம்பிக்கைக்குத் தகுந்தபடி உருவமும் நீளத்தில் இரண்டு மடங்கு, அகலத்தில் இரண்டு மடங்கு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கூர்முனை 50 மி.மீ. பின்னால் தள்ளிப் போனதால் லென்ஸை அதே 50 மி.மீ. முன்னால் நகர்த்த வேண்டும். கன்வெர்ட்டர் என்று கையில் வாங்கும் அந்தக் கறுப்பு அல்லது வெள்ளைக் குழலின் தடிமனில் பெரும்பங்கு இதற்காகத்தான். 1.4 மடங்கு கன்வெர்ட்டர் ஒல்லியாகவும் 2 மடங்கு தடியாகவும் இருப்பது ஏன் என்பதும் இத்தோடு விளங்கிவிடும். நிஜக் கன்வெர்ட்டரில் ஒற்றைக் குழிலென்ஸுக்குப் பதில் ஐந்து, ஏழு கண்ணாடிகள் இருக்கும். அவை நிறப்பிசிறை அடக்க வந்த எடுபிடிகள், எஜமானன் குழிலென்ஸ்தான்.

'கன்வெர்ட்டர் வெளிச்சத்தைத் தின்றுவிடும்' என்று போட்டோக்காரர்கள் சொல்வார்கள். அப்படியெல்லாம் தின்பதில்லை. காந்தி பஜார் வித்யார்த்தி பவனில் தோசை தடிமனாக வரும். அதே ஒரு கரண்டி மாவைச் சென்னைக்காரர் கையில் கொடுத்தால் இரண்டு மடங்கு விட்டத்தில் பேப்பர் ரோஸ்ட் இழுப்பார். விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, தடிமன் கால்வாசி. மாவை யாரும் திருடவில்லை, பரவியிருக்கிறது. இதுதான் போட்டோக்காரர்கள் சொல்லும் 'இரண்டு ஸ்டாப் நஷ்டம்'. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்த படத்துக்கு இனி இருநூற்றைம்பதில் ஒரு பங்கு வேண்டும். உட்கார்ந்திருக்கும் கூழைக்கடாவுக்கு அது போதும். சிறகடிக்கும் மீன்கொத்தி கலங்கிய பஞ்சுமிட்டாயாகிவிடும். மாவில் கட்டி இருந்தால் இழுக்கும்போது கட்டியும் சேர்ந்து இழுபடும். லென்ஸின் குறையும் அப்படியே இரண்டு மடங்காகும்.

சின்ன சென்சார் கதை வேறு. மசாலா தோசையின் நடுவிலிருந்து உருளைக்கிழங்கு உள்ள துண்டை மட்டும் வெட்டி, குழந்தைத் தட்டில் வையுங்கள். தட்டு நிறைந்துவிடும். தோசை பெரிதாகிவிட்டது என்று குழந்தை நம்பும். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36-க்கு 24 மி.மீ. ஏபிஎஸ்-சி என்று சொல்லப்படுவது ஏறக்குறைய 23.5-க்கு 15.6. லென்ஸ் விழவைத்த உருவத்தில் 42 சதவீதத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் குப்பையில் போடுகிறது. அவ்வளவுதான் அந்த 'ஒன்றரை மடங்கு'. இனி தோசை மேல் ஊரும் எறும்புகளைப் பிக்சல்களாகக் கொண்டால், எறும்பு சிறிதாக இருக்க இருக்க... வீட்டிலிருந்து நிறுத்தச் சொல்லிக் குரல் வருகிறது. நிறுத்திவிடுகிறேன். ஆனால் எறும்பு முக்கியம்.

வாசகர் மொட்டைமாடியில் ஏறி ஒரு சோதனை செய்யலாம், காசு செலவில்லை. எந்த லென்ஸிலும் நிலாவின் உருவம் சென்சாரில் விழும் அளவு, குவியத் தூரத்தை 110-ஆல் வகுத்தால் வருவது. 200 மி.மீ. லென்ஸில் 1.8 மி.மீ. பாடியை மாற்றினாலும் அதே 1.8தான். கார் விலை பாடியிலும் அதற்கு மேல் ஒரு நூலிழை கூடாது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் ஒரு பிக்சல் 6 மைக்ரான், ஆகவே நிலாவின் குறுக்கே 300 பிக்சல். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சியில் பிக்சல் 3.9 மைக்ரான், ஆகவே 460-க்கு மேல். இங்கே ஏபிஎஸ்-சிக்கு உண்மையாகவே லாபம் இருக்கிறது. ஆனால் அது சென்சார் சின்னது என்பதால் வந்ததல்ல, பிக்சல் சின்னது என்பதால் வந்தது. 61 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் பாடியில் பிக்சல் 3.8 மைக்ரானுக்குள் வந்துவிடுகிறது. அதன் பக்கத்தில் இந்த 'ஒன்றரை' காணாமல் போய்விடும். கடைக்காரரிடம் சென்சார் அளவைக் கேட்காமல் பிக்சல் அளவைக் கேட்டுப் பாருங்கள், முகம் மாறுவதை.

(இந்தச் சோதனையைச் செல்பேசியில் செய்ய வேண்டாம். 2023 மார்ச்சில் ஒருவர், வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் போட்டு, அதைச் சாம்சங் செல்பேசியில் எடுத்துக் காட்டினார். திரையில் இல்லாத பள்ளங்களையும் மேடுகளையும் அது தானே நிரப்பிக் கொடுத்தது. அந்த மாதிரி உபகாரம் நமக்கு வேண்டாம்.)

அப்படியானால் கன்வெர்ட்டர் எப்போது பிரயோஜனம்? அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் சக்தி கூம்பின் வாய் அகலத்தைப் பொறுத்தது. 71 மி.மீ. வாய், குறையே இல்லாத லென்ஸாக இருந்தால், சுமார் 2 ஆர்க் செகண்ட் இடைவெளி வரை பிரிக்கும். 50 மீட்டர் தள்ளி உட்கார்ந்த பறவையில் அது அரை மி.மீ. இறகின் இழை தெரியும். ஆனால் எஃப் 2.8-இல் அந்த இடைவெளி சென்சார் மேல் 1.9 மைக்ரானாக விழுகிறது. 3.9 மைக்ரான் பிக்சலுக்குள் இரண்டு புள்ளிகளும் ஒன்றாகவே அடங்கிவிடும். லென்ஸ் கண்டது, பிக்சல் தவறவிட்டது. கன்வெர்ட்டர் போட்டால் எஃப் 5.6, இடைவெளி 3.8 மைக்ரான். இன்னொன்று போட்டால் எஃப் 11, 7.5 மைக்ரான், அதாவது இரண்டு பிக்சல். பிரிந்து தெரிய அது போதும். அதற்கும் மேலே இழுத்தால் மங்கல்தான் பெரிதாகும், புதிதாக ஒரு இறகும் வராது.

இதில் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. எஃப் 2.8, எஃப் 4 என்று விலையுயர்ந்த லென்ஸ் வைத்திருப்பவருக்குத்தான் பிக்சல் தவறவிட்ட செல்வம் மிச்சம் இருக்கிறது, கன்வெர்ட்டர் அதை எடுத்துக் கொடுக்கும். 300 மி.மீ.யில் எஃப் 6.3 ஆகிவிடும் சாதா ஜூமோடு 2 மடங்கைச் சேர்த்தால் எஃப் 12.6. வரம்பு ஏற்கெனவே தாண்டியாயிற்று. தேவைப்படுகிறவனுக்கு உதவாது, ஏற்கெனவே இருப்பவனுக்கு இன்னும் கொடுக்கும். நம் வாசகர் மகன் புண்ணியத்தில் பிழைத்தார்.

கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் பாடிகளில் இன்னொரு தலைவலி. அவற்றின் ஆட்டோஃபோகஸ், லென்ஸின் இடது விளிம்பு வழியாக ஒரு கண்ணாலும் வலது விளிம்பு வழியாக இன்னொரு கண்ணாலும் பார்த்து, இரண்டும் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கும். கூம்பு ஒல்லியானால் இரண்டு கண்களும் சுவரைப் பார்க்கத் தொடங்கும். எஃப் 5.6, மிஞ்சினால் எஃப் 8, அதோடு கைவிரித்துவிடும். மிரர்லெஸ் பாடிகள் இதில் எவ்வளவோ தேவலாம்.

நாட்டிலேயே அழகான கன்வெர்ட்டர் எது என்று கேட்டால் நான் கடைப்பக்கம் போக மாட்டேன். பெங்களூரிலிருந்து தென்கிழக்கே சுமார் 175 கிலோமீட்டர், ஜவ்வாது மலைமேல் காவலூருக்குப் போவேன். கோரமங்கலாவில் இருக்கிற இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே 1986-இல் திறக்கப்பட்டது. அதன் 2.34 மீட்டர் ஆடி பெங்களூரில் தேய்த்து மெருகேற்றப்பட்டது. அந்த ஆடி தானாகக் குவிக்கும் கூம்பு எஃப் 3.25. அதன் முனையில் நேரடியாகக் கேமராவை வைக்கலாம். அல்லது வெளிச்சம் குவியும் முன்பே வழிமறித்து ஒரு குவியாடியை வைக்கலாம். குவியாடி விலக்கும், குழிலென்ஸ் செய்வதும் அதையேதான். கூம்பு ஒல்லியாகி, திரும்பிவந்து, பெரிய ஆடியின் நடுவிலுள்ள துளை வழியாகப் பின்பக்கம் போய்க் குவிகிறது. அங்கே எஃப் 13. கச்சிதமாக 4 மடங்கு கன்வெர்ட்டர். முதல் இடத்தில் நிலா 7 சென்டிமீட்டர், இரண்டாம் இடத்தில் 27 சென்டிமீட்டருக்கு மேல், ஒரு நல்ல தோசை அளவு. (மன்னிக்கவும்.) ஒரே கண்ணாடி, இரண்டு குவியம். வேலைக்குத் தகுந்த இடத்தில் கருவியை மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் 27 சென்டிமீட்டர் நிலா கிடைத்ததென்று அங்கே யாரும் கைதட்டுவதில்லை. கணக்குப்படி அந்த ஆடி 0.06 ஆர்க் செகண்ட் வரை பிரிக்க வேண்டும். மேலே இருக்கும் காற்றின் நடுக்கம் நட்சத்திரத்தை ஓரிரு ஆர்க் செகண்ட் அகலத்துக்கு மெழுகிவிடுகிறது. சிறப்பு உத்திகளை விட்டுவிட்டுப் பார்த்தால், கூர்மை விஷயத்தில் அந்த ராட்சத ஆடியும் வாசகரின் 71 மி.மீ. லென்ஸும் ஏறக்குறைய ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. ராட்சதனுக்குக் கிடைப்பது வெளிச்சம், ஆயிரம் மடங்குக்கு மேல். காவலூர் பார்ப்பது தலைக்கு மேலே. ஹெப்பாளில் நாம் பார்ப்பதோ தரையை ஒட்டி, வெயில் ஏறிய தண்ணீர் மேலாக, மேம்பாலத்தின் தார்ச்சூட்டைத் தாண்டி. காலை ஒன்பது மணிக்கு மேல் அந்தக் காற்று வாணலி எண்ணெய் மாதிரி நெளியும். அப்போது கன்வெர்ட்டர் போட்டால் நெளிவைத்தான் இரண்டு மடங்காகப் பார்ப்பீர்கள். படம் சரியில்லை என்று லென்ஸைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் கடிகாரத்தைத் திட்ட வேண்டியவர்கள்.

வரலாறு கேட்பவர்களுக்காக: வானத்தைப் பார்ப்பவர்கள் இந்தக் குழிலென்ஸை பார்லோ லென்ஸ் என்பார்கள். பீட்டர் பார்லோ இங்கிலாந்தின் வூலிச் ராணுவக் கலாசாலையில் கணக்கு வாத்தியார். 1830-களில் அவர் சொன்னபடி ஜார்ஜ் டாலண்ட் செய்துகொடுத்தார். 1891-இல் டால்மேயர் அதே தந்திரத்தைக் கேமரா லென்ஸுக்குள் புகுத்தி டெலிபோட்டோ என்று பெயரிட்டார். ஜப்பான்காரர்கள் மலிவாக்கினார்கள். போதும்.

லென்ஸ் ஒரு கம்பெனி, பாடி வேறொரு கம்பெனி என்று கலந்து கட்டுவதில் நம் ஆள் ஒருவர் முன்னோடி. மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் சாகும்வரை இயற்கைப் பத்தி எழுதியவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். யானையையும் மானையும் கறுப்பு வெள்ளையில் பிடிக்க கிருஷ்ணன் காட்டுக்குத் தூக்கிப்போன கேமராவில் உடல் ஒரு தயாரிப்பு, டெலி லென்ஸ் இன்னொரு தயாரிப்பு, மற்ற உறுப்புகள் கைவேலை. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று நாமகரணம் வேறு. எங்கோ கம்பியும்கூட அதில் இருந்திருக்கும் என்று அதைப் பார்த்த ஒருவர் சந்தேகப்பட்டிருக்கிறார்.

கம்பி விஷயமில்லை. விஷயம் ஒரே ஒரு நீளம்: லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை உள்ள தூரம். பழைய நிக்கானில் 46.5 மி.மீ. பழைய கேனானில் 44. சோவியத், கிழக்கு ஜெர்மன், பென்டாக்ஸ் திருகு லென்ஸ்களின் எம் 42 மவுன்ட்டில் 45.46. இன்றைய மிரர்லெஸ்ஸில் சோனி 18, கேனான் 20, நிக்கான் 16. நிக்கான் லென்ஸைக் கேனான் பாடியில் மாட்ட 2.5 மி.மீ. தடிமனில் ஒரு வெற்று வளையம் போதும், கண்ணாடியே வேண்டாம். மிரர்லெஸ் பாடிக்குக் கிட்டத்தட்ட எந்தப் பழைய லென்ஸையும் வெற்றுக் குழலால் மாட்டிவிடலாம், இடம் தாராளமாக இருக்கிறது. எதிர்த்திசையில்தான் வம்பு.

அந்த வம்பை நான் விலை கொடுத்து வாங்கினேன். பிவிகே ஐயங்கார் ரோடு சண்டே பஜாரில் எம் 42 திருகுள்ள ஒரு ஹீலியோஸ் 58 மி.மீ. லென்ஸ் கிடைத்தது, கல்லு மாதிரி கனம். அதை என் பழைய நிக்கானில் மாட்ட ஒரு வளையமும் அதே நடைபாதையில் கிடைத்தது. லென்ஸ் கேட்பது 45.46, பாடி கொடுப்பது 46.5. வித்தியாசம் 1.04 மி.மீ., நகத்தின் தடிமன். அந்த நகம் செய்யும் வேலையைப் பாருங்கள்: 58-ஐ 58-ஆல் பெருக்கி 1.04-ஆல் வகுத்தால் 3,235. வளையத்துக்குத் தடிமனே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், மூன்றேகால் மீட்டருக்கு அப்பால் உள்ள உலகம் முழுதும் ஃபோகஸுக்கு வெளியே. சாம்பார் கிண்ணம் தெளிவு, எதிர்வீடு புகை. புகார் சொல்லப் போனால், அடுத்த ஞாயிறு விற்றவர் கண்ணாடி பதித்த வளையம் ஒன்றை எடுத்துத் தந்தார். எதிர்வீடு வந்தது, மேலே லேசான பனிமூட்டத்தோடு. சட்டமும் கொஞ்சம் குறுகியிருந்தது. வளையத்தைக் கழற்றி, உள்ளிருந்த கண்ணாடியைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பார்த்தேன். எழுத்து சிறுத்தது. குழிலென்ஸ். கூர்முனையை ஒரு மி.மீ. சொச்சம் பின்னால் தள்ளுவதற்காகப் போட்டது, கூடவே ஒரு குட்டி கன்வெர்ட்டர் வேலையையும் செய்துவிட்டது. கேட்காமலே கிடைத்த உருப்பெருக்கம், அதுவும் பல்லாங்குழிப் பாசி தரத்தில்.

இதையே தலைகீழாகத் திருப்பினால் என்ன என்று யோசித்தவர்கள் 2013 ஜனவரியில் வந்தார்கள். மெட்டாபோன்ஸ் 'ஸ்பீட் பூஸ்டர்' என்று விற்றது. குழிலென்ஸுக்குப் பதில் குவிலென்ஸ், 0.71 மடங்கு. உருவம் சுருங்கும், வெளிச்சம் ஒரு ஸ்டாப் கூடும். பேப்பர் ரோஸ்ட்டை மடித்துத் தடிமனாக்குகிற மாதிரி. இலவசமில்லை, உருவ வட்டம் சுருங்குவதால் ஃபுல் ஃப்ரேம் லென்ஸைச் சின்ன சென்சாரில் மாட்டும்போது மட்டும் செல்லும். ஏபிஎஸ்-சி குப்பையில் போட்ட 58 சதவீதத்தில் பெரும்பகுதியைப் பொறுக்கியெடுக்க வழி இது ஒன்றுதான். விளம்பரச் சத்தத்துக்கு நடுவில் இப்படி எப்போதாவது ஒரு நேர்மையான பொருளும் வந்துவிடுகிறது. 2025-இல் விவோ தன் செல்பேசிக்கு 2.35 மடங்கு கன்வெர்ட்டர் கொண்டுவந்தபோதும் விளம்பரம் காதைக் கிழித்தது. அது பின்னால் மாட்டுவதல்ல, முன்னால் மாட்டுவது. சுருங்கச் சொன்னால் ஒரு குட்டித் தொலைநோக்கி. வாய் அகலம் போதுமானால் வெளிச்ச நஷ்டம்கூட இல்லை. ஆனால் ஒரு குழாயை மாட்டிக்கொண்டு நடப்பதற்குச் செல்பேசி எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வாசகருக்கு: பாடியை மாற்ற வேண்டாம். 1.4 மடங்கு, உங்கள் லென்ஸ் தயாரித்த கம்பெனியுடையதே, ஒரு வாரக் கடைசிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், பெங்களூரில் அதற்குப் பஞ்சமில்லை. காலை எட்டுக்குள் ஹெப்பாளை முடித்துக்கொள்ளுங்கள். கடைப்பையன் விட்டுவிட்ட ஒரு சங்கதியும் இருக்கிறது. ஃபோகஸ் செய்வது முன்னால் உள்ள லென்ஸ், கன்வெர்ட்டர் பின்னால் நின்று கிடைத்ததைப் பெரிதாக்குகிறது. அதனால் லென்ஸ் எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகுமோ அந்தத் தூரம் கன்வெர்ட்டர் போட்டாலும் மாறாது. உங்கள் ரக லென்ஸ்களில் அது 1.2 மீட்டருக்கு முன்பின் இருக்கும். ஏரியிலிருந்து திரும்பி வெயில் ஏறியபின் லால்பாக்கில் பூச்செடி ஓரம் நின்று, கூழைக்கடாவுக்காக மாட்டியதைக் கழற்றாமல், கைநீட்டும் தூரத்தைவிடச் சற்றே தள்ளி உட்கார்ந்திருக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சியை எடுத்துப் பாருங்கள். அந்தத் தூரத்தில் நெளிவதற்குக் காற்றே அதிகம் கிடையாது.